ஒரே குண்டு: இன்லைன் மஸல்லோடரைத் தேர்ந்தெடுத்து மான் வேட்டைக்குத் தயாராவது எப்படி?

மஸல்லோடர் என்றால் ஊரில் இருப்பவர்களுக்குப் புரியாது. குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி என்று சொன்னால், "ஓ, நாட்டுத் துப்பாக்கியா?" என்பார்கள். அடிப்படை அதேதான். முதலில் கரிமருந்து, அதன்மேல் குண்டு, ஒரு கோலால் தள்ளி அடிவரை இறக்கினால் துப்பாக்கி தயார். ஆனால் இன்று அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் இன்லைன் மஸல்லோடரைக் கையில் எடுத்தால் நாட்டுத் துப்பாக்கி நினைவுக்கே வராது. துருப்பிடிக்காத எஃகுக் குழல், செயற்கை இழைக் கட்டை, மேலே தொலைநோக்கி. நவீன ரைஃபிள் போலவே இருக்கும்.

பழைய வகையில் பொறி பக்கவாட்டில் பிறந்து, ஒரு சிறு துளை வழியாக வளைந்து போய் மருந்தைத் தொட வேண்டும். ஈரம், அழுக்கு, காற்று எல்லாம் அந்த வழியில்தான் வேலையைக் காட்டும். இன்லைனில் பொறி, மருந்து, குண்டு மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. பெயர்க் காரணமே அதுதான். மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த டோனி நைட் 1985-இல் கொண்டுவந்த எம்.கே.-85 துப்பாக்கிதான் இந்த வகையை வேட்டைக்காரர்களிடையே பரவலாக்கியது.

நான் வர்ஜீனியாவில் வேட்டையாடுகிறேன். இங்கே எழுதுவதும் பெரும்பாலும் இந்தப் பக்கத்து வெள்ளைவால் மானை வைத்துத்தான். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இது அமெரிக்காவில் உரிமம் எடுத்து, பருவத்தில், விதிப்படி வேட்டையாடுபவர்களுக்கான வழிகாட்டி.

முதலில் விதிப்புத்தகம், அப்புறம் கடை

துப்பாக்கி வாங்கிவிட்டுச் சட்டம் படிப்பவர்கள் அதிகம். தலைகீழாகச் செய்யுங்கள். மஸல்லோடர் விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் விதி அவ்வளவு மாறும்.

வர்ஜீனியா தாராளமான மாநிலம். குழல் .45 காலிபருக்குக் (காலிபர் என்பது துளையின் விட்டம், அங்குலத்தில்) குறையக் கூடாது, குண்டு .38-க்குக் குறையக் கூடாது, மருந்து குறைந்தது 50 கிரெயின் (மருந்தையும் குண்டையும் அளக்கும் சிறு அலகு). தொலைநோக்கி வைக்கலாம், சேபோ (குண்டைச் சுற்றிய பிளாஸ்டிக் உறை) போடலாம். கொலராடோவில் மஸல்லோடர் பருவத்தில் தொலைநோக்கிக்குத் தடை, சேபோவுக்குத் தடை, வில்லையாக அழுத்திய மருந்துக்கும் தடை. மானுக்கு .40 காலிபர் போதும், எல்க் என்ற பெரிய மானுக்கு .50 வேண்டும். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் பருவம் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு மட்டும். இன்லைனைத் தூக்கிக்கொண்டு போனால் அபராதத்தோடு திரும்ப வேண்டியதுதான். ஒரு மாநிலத்துக்குப் பொருத்தமாக வாங்கிய துப்பாக்கி அடுத்த மாநிலத்தில் வெறும் இரும்பு.

வர்ஜீனியாவில் அடிப்படை வேட்டை உரிமத்தோடு மான்-வான்கோழி உரிமமும், மஸல்லோடர் பருவத்துக்கென்று தனி உரிமமும் வேண்டும். புதியவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடிக்க வேண்டும். எல்லாவற்றையும் மாநில வனவிலங்கு வளத் துறையின் இணையதளத்திலேயே செய்துவிடலாம். சில கவுண்டிகளுக்குத் தனி விதி உண்டு, அதையும் ஒருமுறை பாருங்கள்.

நம்மவர்கள் அடிக்கடி கேட்பது விசா பற்றி. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டத்தின் பொது விதி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. கரிமருந்து மஸல்லோடர்களில் பெரும்பாலானவற்றை மத்தியச் சட்டம் பழங்காலத் துப்பாக்கி வகையில் சேர்த்துவிடுகிறது. ஆனால் குழலை மாற்றிச் சாதாரணத் தோட்டா போடக்கூடிய மாதிரிகள் அந்த வகையில் வராது. மாநிலச் சட்டம் இதற்குமேல் கடுமையாக இருக்கலாம். வேலைக்கும் கிரீன் கார்டுக்கும் ஆபத்து வருகிற விஷயம். சந்தேகம் இருந்தால் நண்பரைக் கேட்காதீர்கள், வழக்கறிஞரைக் கேளுங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, சாதாரண ரைஃபிள் போதாதா என்று கேட்கலாம். வர்ஜீனியாவில் மஸல்லோடர் பருவம் நவம்பர் தொடக்கத்தில், பொதுத் துப்பாக்கிப் பருவத்துக்கு முன்பாக இரண்டு வாரம் வருகிறது. கலைகள் பிணைகளைத் தேடி அலையத் தொடங்கும் நேரம் அது. (ஆண் மானுக்குக் கலை, பெண் மானுக்குப் பிணை என்று தமிழில் அழகான சொற்கள் இருக்கும்போது பக், டோ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.) காட்டில் கூட்டமும் குறைவு. எனக்கு இந்தக் காரணம் போதும்.

துப்பாக்கி

.50 காலிபரையே வாங்குங்கள். .45-இன் குண்டு கொஞ்சம் தட்டையாக, அதிகம் தாழாமல் போகும், .54 கனமாக அடிக்கும், உண்மைதான். ஆனால் பருவத்துக்கு இரண்டு நாள் முன்னால் சிற்றூர்க் கடையில் குண்டு தேடும்போது அலமாரியில் இருப்பது .50 மட்டும்தான்.

அடுத்து, குழலின் உள்ளே ஓடும் புரிகள். பழைய உருண்டைக் குண்டுக்கு 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான புரி ஏற்றது. இன்றைய நீளமான குண்டுகள் நிலையாகச் சுழல 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். புதிய இன்லைன்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் வருகின்றன. பழைய துப்பாக்கி வாங்கினால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நடுவில் மடியும் வகையைத்தான் புதியவர்களுக்குச் சொல்வேன். சி.வி.ஏ. உல்ஃப், ஆப்டிமா, அக்குரா, டிரடிஷன்ஸ் பர்ஸ்யூட் எல்லாம் இந்த வகை. குழலை மடித்தால் பின்பக்கம் திறந்துகொள்ளும், பிரைமரை, அதாவது பொறி தரும் சிறு வெடிமூடியை, வைத்து மூடலாம். குழலின் பின்வாயை அடைத்திருக்கும் பிரீச் பிளக்கைக் கழற்றினால் முன்னிருந்து பின்னே வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சம்தான் முக்கியம். துடைப்பது சுலபம், கெட்டித்த மருந்தைச் சுடாமலே வெளியே தள்ளுவதும் சுலபம். பிளக் கையால் கழல்கிறதா, குறடு தேவையா என்று கடையிலேயே பாருங்கள். குளிரில் விரல் விறைத்திருக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

விலை? உல்ஃப் போன்ற தொடக்க மாதிரி முந்நூறு டாலரை ஒட்டி வரும். நடுத்தரம் நானூறு, ஐந்நூறு. பாராமவுன்ட் போன்ற நெடுந்தூரத் துப்பாக்கிகள் ஆயிரத்தைத் தாண்டும். வர்ஜீனியா காட்டில் நான் சுட்ட மான்கள் எதுவும் 110 கெஜத்துக்கு அப்பால் நின்றதில்லை. மிச்சப்படும் பணத்தில் மருந்தும் குண்டும் வாங்கிப் பழகுங்கள்.

பழைய துப்பாக்கி வாங்குவதில் தவறில்லை. ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, விளக்கைப் பின்னால் பிடித்துக் குழலின் உள்ளே பாருங்கள். முந்தைய சொந்தக்காரர் துடைக்காமல் வைத்திருந்தால் அம்மைத் தழும்பு போலக் குழி தெரியும், அதை வாங்காதீர்கள். இரண்டு, 1995, 1996 ஆண்டுகளில் செய்த சி.வி.ஏ. இன்லைன்களை அந்த நிறுவனமே 1997-இல் பாதுகாப்புக் காரணத்துக்காகத் திரும்பப் பெற்றது. வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 95 அல்லது 96 என்றிருந்தால் தொடாதீர்கள். சந்தையில் இன்னும் ஒன்றிரண்டு சுற்றுகின்றன.

தொலைநோக்கிக்கு 3-9 மடங்கு பெரிதாக்கும் சாதாரணமான ஒன்று போதும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூன்று அங்குலத்துக்குமேல் இடைவெளி இருக்கட்டும். இல்லையென்றால் உதைப்பில் புருவத்தில் பிறைநிலா விழும்.

மருந்தும் பிரைமரும்

உயிர் சம்பந்தப்பட்ட விதி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தோட்டாவுக்குள் இருக்கும் புகையில்லா மருந்தை மஸல்லோடரில் போடக் கூடாது. அதற்கென்றே வடிவமைத்த, உற்பத்தியாளரே அப்படி எழுதிக் கொடுத்த ஒருசில மாதிரிகள் தவிர வேறு எதிலும் கூடாது. அளவைக் குறைத்துப் போடலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. குழல் கையிலேயே வெடிக்கும். டப்பாவின் பெயரைப் படிக்காமல் மருந்தை அளக்காதீர்கள், பெயர் இல்லாத டப்பாவை வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

உண்மையான கரிமருந்து பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், கரி சேர்ந்தது. இன்லைனில் அதைப் போடுகிறவர்கள் குறைவு, மாற்று மருந்துகளே அதிகம். பைரோடெக்ஸ் பழையது, மலிவானது, துருவை வரவேற்பது. டிரிபிள் செவனில் கந்தகம் இல்லை. தண்ணீரிலேயே கழுவிவிடலாம். கரிமருந்தைவிட வலு அதிகம் என்பதால் கரிமருந்தின் வலுவையே கொண்டுவர வேண்டுமானால் அளவை 15 சதவீதம் குறைக்கச் சொல்கிறார்கள். அதன் ஒரே தொல்லை, சுட்ட பிறகு மருந்து இருந்த இடத்துக்குச் சற்று முன்னால் வளையம் போல ஒரு கசடு கட்டும். அடுத்த குண்டு அங்கே போய் நிற்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் இடையில் ஈரத்துணி, பிறகு உலர்துணி என்று இழுத்தாக வேண்டும்.

2008-இல் வந்த பிளாக்ஹார்ன் 209 விலை அதிகம், ஆனால் நான் அதில்தான் நிலைத்துவிட்டேன். கசடு குறைவு, இடையில் துடைக்காமலே பல முறை சுடலாம். ஆனால் எளிதில் பற்றாது. சி.சி.ஐ. 209எம், ஃபெடரல் 209ஏ போன்ற சூடான பிரைமர் வேண்டும், அதற்கு ஏற்ற பிரீச் பிளக்கும் வேண்டும். பழைய துப்பாக்கியில் பிளாக்ஹார்ன் போட்டுத் தாமதமாக வெடிக்கிறது என்று சலித்துக்கொள்பவர்களில் பலருக்குப் பிரச்சினை மருந்தில் இல்லை, பிளக்கில்தான். டிரிபிள் செவனுக்கு நேர்மாறு. மெதுவான பிரைமர் போட்டால் கசடு வளையம் குறையும்.

வில்லையா, பொடியா? வில்லை ஒவ்வொன்றும் பெரும்பாலும் 50 கிரெயினுக்குச் சமம், இரண்டு போட்டால் 100. அளக்க வேண்டியதில்லை, குளிரில் சிந்தாது. ஆனால் நொறுங்கினால் அளவு போய்விடும், 90 கிரெயின் வேண்டும் என்றாலும் முடியாது. பொடி கொஞ்சம் தொல்லை, ஆனால் உங்கள் துப்பாக்கிக்குப் பிடித்த அளவைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். மூன்று வில்லை, 150 கிரெயின் என்ற மேக்னம் பேச்சை மறந்துவிடுங்கள். தோள் வீங்கும், மருந்து வீணாகும், மானுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொரு குழப்பம். மஸல்லோடரில் 100 கிரெயின் என்பது கொள்ளளவு, எடை இல்லை. மருந்துக்கு மருந்து அடர்த்தி மாறும். பிளாக்ஹார்னில் அளவுகோல் காட்டும் 100 கிரெயினைத் தராசில் வைத்தால் ஏறத்தாழ 70 கிரெயின்தான் இருக்கும். தராசில் 100 என்று அளந்து போட்டால் அது அத்துமீறிய அளவு.

குண்டு

.50 குழலுக்கு .45 குண்டு, இடைவெளியை நிரப்ப பிளாஸ்டிக் உறை. அந்த உறைதான் சேபோ. குழலை விட்டு வெளியே வந்ததும் இதழ் விரிந்து கழன்றுவிடும், குண்டு மட்டும் போகும். 250 கிரெயின் எடையில் ஹார்னடி எஸ்.எஸ்.டி., முழுச் செம்பில் பார்ன்ஸ் என்று பல உண்டு. 100 கிரெயின் மருந்தோடு நொடிக்கு ஏறத்தாழ 1,800 அடி வேகம் வரும். மானுக்குத் தாராளம்.

சேபோவுக்குத் தடையுள்ள மாநிலத்தில் உறை இல்லாமல் குழலின் அளவுக்கே செய்த ஈயக் குண்டுதான். கனம் அதிகம், வளைந்து விழும், ஆனால் எலும்பை உடைத்துக்கொண்டு போகும்.

எது சிறந்தது என்று இணையத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரே மாதிரித் துப்பாக்கி இரண்டு அடுத்தடுத்த எண்ணில் வந்தால்கூட ஒன்றுக்குப் பிடித்த குண்டு மற்றதற்குப் பிடிக்காது. இரண்டு மூன்று வகை வாங்கிச் சுட்டுப் பாருங்கள். இறக்கும்போது கை சொல்லும்: உறுதியான அழுத்தத்தில் வழுக்கிப் போக வேண்டும். கோல்மேல் உடல் எடை முழுவதையும் போட வேண்டியிருந்தால் இறுக்கம். தானாகச் சரிந்து போனால் தளர்வு. தளர்ந்த குண்டு, மரத்தில் ஏறி உட்கார்ந்து குழலைக் கீழே சாய்த்தபோது மருந்தை விட்டு நகரக்கூடும். அது ஆபத்து.

கெட்டித்தல்

சாதாரணத் தோட்டாவைத் தொழிற்சாலையில் இயந்திரம் செய்கிறது. இங்கே அந்தத் தொழிற்சாலை உங்கள் கைதான். முதல் குண்டும் பத்தாவது குண்டும் ஒரே மாதிரி அமைந்தால்தான் ஒரே இடத்தில் அடிக்கும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மனப்பாடம் செய்ய வேண்டுமானால் இதைச் செய்யுங்கள். கண்ணாடியும் காதடைப்பும் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் சிகரெட் கூடாது.

1. பிரைமர் இல்லை என்று பார்த்துவிட்டு, திணிகோலைக் குழலுக்குள் அடிவரை விடுங்கள். காலித் துப்பாக்கியில் கோல் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு. பிற்பாடு சரியாகக் கெட்டித்த நிலையில் எங்கே நிற்கிறதோ அங்கே இன்னொரு கோடு. ஏற்கெனவே கெட்டித்திருக்கிறதா, குண்டு முழுதாக இறங்கியதா என்ற இரண்டு கேள்விக்கும் இந்தக் கோடுகள்தான் பதில்.

2. எண்ணெயை உலர்துணியால் இழுத்து எடுங்கள். மருந்து போடாமல் வெறும் பிரைமரை மட்டும் ஒன்றிரண்டு முறை, பாதுகாப்பான திசையில் சுடுங்கள். குழல் வாய்க்கு எதிரில் ஒரு காய்ந்த இலை இருந்தால் அது பறக்கும். பறந்தால் வழி சுத்தம்.

3. குழல் வாயை முகத்துக்கு அப்பால் சாய்த்துப் பிடியுங்கள். மருந்தை அளவுகோலில் அளந்து, அளவுகோலிலிருந்து ஊற்றுங்கள். டப்பாவிலிருந்து நேராகக் குழலுக்குள் ஊற்றாதீர்கள். உள்ளே கனன்றுகொண்டு ஒரு துணுக்கு இருந்தால் கையில் இருக்கும் டப்பா முழுவதும் வெடிக்கும். ஊற்றியதும் குழலின் பக்கத்தில் இரண்டு தட்டு.

4. சேபோவோடு குண்டை வாயில் வைத்து, குட்டைக் கோலால் முதல் சில அங்குலம் தள்ளுங்கள். பிறகு நீளக் கோல். கோலைக் குழல் வாய்க்கு அருகிலேயே பிடித்துக் குறுகிய தள்ளாகத் தள்ளுங்கள். உச்சியில் பிடித்தால் வளையும், உடைந்தால் உள்ளங்கையைக் கிழிக்கும்.

5. குண்டு மருந்தின்மேல் உட்கார்ந்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு அழுத்தம். உரலில் இடிப்பது போல இடிக்க வேண்டாம். வில்லை நொறுங்கும், குண்டின் முனை சப்பும். கோடு குழல் வாய்க்கு நேரே வந்துவிட்டதா பாருங்கள். வரவில்லையென்றால் சுடக் கூடாது. குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால் குழல் புடைத்துக்கொள்ளும், பிளக்கவும் செய்யலாம்.

6. கோலை வெளியே எடுங்கள். சிரிக்காதீர்கள், கோலோடு சேர்த்துச் சுட்டவர்கள் ஒவ்வொரு பயிற்சித் திடலிலும் உண்டு.

7. பிரைமர் கடைசியில், சுடப்போகும் இடத்தில் நின்ற பிறகுதான்.

விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் துப்பாக்கியைக் குறியை நோக்கியபடியே ஒரு முழு நிமிடம் பிடித்திருங்கள். தாமதமாக வெடிக்கலாம். பேச்சு சுவாரசியத்தில் இரண்டு முறை மருந்து ஊற்றுவதுதான் திடலில் நடக்கும் பெரிய தவறு. கெட்டிக்கும்போது யாராவது பேச வந்தால், "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிடுங்கள்.

குறி சரிசெய்தல்

25 கெஜத்தில் தொடங்குங்கள். மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சாய்த்துச் சுட்டு, தாளில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பிறகு 50, பிறகு 100. ஒரு துளையை வைத்து எதையும் திருகாதீர்கள். மூன்று சுட்டு, மூன்றின் நடுவைப் பாருங்கள். 100 கெஜத்தில் மூன்றும் மூன்று அங்குல வட்டத்துக்குள் விழுந்தால் மான் வேட்டைக்குப் போதும்.

சூட்டுக்குச் சூடு ஐந்து நிமிடமாவது விடுங்கள். சூடான குழலில் பிளாஸ்டிக் உறை இளகும், குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறும். இடையில் துடைக்க வேண்டிய மருந்தானால் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கைத் துணி. அரைநாளில் பத்துப் பதினைந்து சூடுதான் முடியும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற விளையாட்டு இது இல்லை.

100 கெஜத்துக்குச் சரியாக வைத்தால், மேலே சொன்ன 250 கிரெயின் குண்டு 150 கெஜத்தில் ஏறத்தாழ அரை அடி தாழும், 200-இல் ஒன்றரை அடி வரை விழும். அதனால் நான் 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் மேலே அடிக்குமாறு வைத்திருக்கிறேன். அப்போது 150-இல் தாழ்வு இரண்டு மூன்று அங்குலத்தோடு நிற்கும், காட்டில் கணக்குப் போட வேண்டியதில்லை. உங்கள் துப்பாக்கியின் கணக்கு உங்கள் தாளில்தான் தெரியும். 150-இல் சுட்டுப் பார்க்காமல் 150-இல் நிற்கும் மானைச் சுடாதீர்கள்.

பலர் தவறவிடும் சோதனை ஒன்று உண்டு. காட்டில் நீங்கள் சுடப்போவது குளிர்ந்த குழலிலிருந்து வரும் முதல் குண்டு. சில துப்பாக்கிகளில் சுத்தமான குழலின் முதல் குண்டு மற்றவற்றை விட்டு விலகி விழும். இரண்டு மூன்று வெவ்வேறு நாள்களில் போய், நாளுக்கு ஒரு முதல் குண்டை ஒரே தாளில் சுட்டுப் பாருங்கள். விலகினால், வேட்டைக்கு முன் ஒருமுறை சுட்டு அழுக்காக்கிய குழலோடு போவதா, குறியை மாற்றுவதா என்று முடிவு செய்யலாம். பிளாக்ஹார்னைத் தவிர மற்ற மருந்துகளில் அழுக்குக் குழலை நாள்கணக்கில் வைத்திருப்பதை நான் செய்ய மாட்டேன்.

காட்டில்

என் இரண்டாவது பருவம். முந்தின மாலை எதுவும் கிடைக்கவில்லை. கெட்டித்த துப்பாக்கியை, பிரைமரை மட்டும் எடுத்துவிட்டு, கணப்பு எரிந்த மரவீட்டுக்குள் கொண்டுவந்து மூலையில் சாய்த்தேன். விடியலில் 60 கெஜத்தில் ஒரு கலை, எட்டுக் கிளைக் கொம்பு. விசையை அழுத்தினேன். டக். பிரைமர் வெடித்த சத்தம் மட்டும்தான். அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு நடந்தே போனது, ஓடக்கூட இல்லை. குளிர்ந்த எஃகு சூடான அறைக்குள் வந்தபோது உள்ளே வியர்த்திருக்கிறது, மருந்து நமுத்துவிட்டது. பாட்டி அப்பளத்தை ஏன் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தாள் என்று அன்று உட்கார்ந்து யோசித்தேன்.

ஆகவே கெட்டித்த துப்பாக்கி குளிரிலேயே இருக்கட்டும். பிரைமரை எடுத்துவிட்டால் வர்ஜீனியா உள்படப் பல மாநிலங்களில் அது கெட்டிக்காத துப்பாக்கியாகவே கருதப்படும், உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியிலோ கொட்டகையிலோ பூட்டி, குழந்தைகள் கை படாத இடத்தில் வையுங்கள். வீட்டுக்குள் கொண்டுவரத்தான் வேண்டும் என்றால் பிளக்கைக் கழற்றி மருந்தை வெளியே தள்ளிவிட்டுக் கொண்டுவாருங்கள். மழைநாளில் குழல் வாயில் மின்கம்பிக்குச் சுற்றும் நாடாவில் ஒரு துண்டு ஒட்டுங்கள். சுடும்போது பிரிக்க வேண்டியதில்லை, குண்டுக்கு முன்னால் வரும் காற்றே அதைக் கிழித்துவிடும்.

மரத்தில் கட்டிய இருக்கையில் ஏறுகிறவர்கள் விழாமல் காக்கும் உடல்வார் போட்டுக்கொள்ளுங்கள். துப்பாக்கியைப் பிரைமர் இல்லாமல், கயிற்றில் கட்டி, வாய் கீழே பார்த்திருக்க மேலே இழுங்கள். ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்புச் சட்டை வர்ஜீனியாவில் மஸல்லோடர் பருவத்திலும் கட்டாயம். அளந்த மருந்தும் குண்டும் வைத்த விரைவுக்குழாய் இரண்டு சட்டைப்பையில் போதும்.

மான் பக்கவாட்டில் நிற்கும்வரை பொறுங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ்ப்பாதிக்குள் குறி வையுங்கள், இதயமும் நுரையீரலும் அங்கேதான். நேராக உங்களைப் பார்த்து நிற்கும் மானையும் ஓடும் மானையும் விட்டுவிடுங்கள். ஒரே குண்டு என்பது இந்த இடத்தில்தான் உறைக்கும். விசையை அழுத்திய பிறகும் குறியை விட்டுத் தலையைத் தூக்காதீர்கள்.

அடுத்த நொடி எதிரே வெள்ளைப் புகை, ஒன்றும் தெரியாது. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சருகு நொறுங்கியது, எங்கே நின்றது? கடைசியாகத் தெரிந்த மரத்தை அடையாளம் வையுங்கள். பிறகு, இறங்குவதற்கு முன்பே, மறுபடி கெட்டித்துவிடுங்கள். விழுந்தது கண்ணில் படவில்லையென்றால் அரைமணி நேரம் அசையாமல் இருங்கள். அடிபட்ட மானை உடனே துரத்தினால் அது மைல்கணக்கில் போகும். விட்டால் பக்கத்திலேயே படுத்துவிடும். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரல், அருகில்தான் இருக்கும். பச்சையாக, நாற்றத்தோடு ஏதாவது தெரிந்தால் குடல். பல மணி நேரம் காத்திருங்கள்.

எடுத்த மானை அன்றே துறையிடம் பதிவு செய்ய வேண்டும். மான்களின் நாட்பட்ட உடல் மெலிவு நோய் வர்ஜீனியாவில் 2009 முதல் காணப்படுவதால் சில பகுதிகளிலிருந்து தலையையும் தண்டுவடத்தையும் வெளியே கொண்டுபோகத் தடை உண்டு. வீட்டுக்கு வந்ததும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று உடம்பைப் பாருங்கள்.

துடைப்பது, அன்றைக்கே

களைப்பாக இருக்கும். இருந்தாலும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பைரோடெக்ஸ் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் குழலைத் துருவாக்கிவிடும்.

பிளக்கைக் கழற்றுங்கள். பைரோடெக்ஸ், டிரிபிள் செவன், கரிமருந்து என்றால் வெந்நீரும் சோப்பும் போதும். துணி வெளுப்பாக வரும்வரை இழுத்து, நன்றாக உலர்த்தி, மெல்லிதாக எண்ணெய் பூசுங்கள். பிளாக்ஹார்னுக்குத் தண்ணீர் கரைப்பான்கள் சரிவராது. சாதாரண ரைஃபிளுக்குப் பயன்படுத்தும் பெட்ரோலியக் கரைப்பான் வேண்டும். பிளக்கின் நடுத்துளையில் கரி கெட்டியாக அடையும். எட்டில் ஒரு அங்குலத் துளையாணியைக் கையால் சுற்றிச் சுரண்டி எடுங்கள். இயந்திரத்தில் மாட்டினால் துளை பெரிதாகிவிடும். பிளக்கின் மரைகளில் இறுகாமல் காக்கும் கிரீஸைத் தாராளமாகப் பூசிவிட்டுத் திருப்பி மாட்டுங்கள். பூசாமல் விட்டால் அடுத்த வருடம் பிளக்கும் குழலும் ஒரே இரும்பாகியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஒரு வெள்ளைத் துணியைக் குழலுக்குள் இழுத்துப் பாருங்கள். செம்மஞ்சள் கறை வந்தால் மறுபடி முதலிலிருந்து.